முன் பெஞ்ச் வேண்டாம் மேம்: பள்ளியில் தனக்காகத் தானே பேசப் பிள்ளையைப் பழக்க ஒரு முழு வழிகாட்டி

என் மகன் ஆறாம் வகுப்பில் இருந்தபோது நடந்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் கிளாஸ் டீச்சர் அவனைப் பார்த்தே கேட்டார், "நான் என்ன செஞ்சா உனக்கு உதவியா இருக்கும்?" என்று. கேட்டது அவனிடம், பதில் சொன்னது நான். முன் பெஞ்சில் உட்கார வையுங்கள், போர்டைச் சீக்கிரம் அழிக்காதீர்கள், டைரியை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று பத்து நிமிடம் கொட்டித் தீர்த்தேன். டீச்சரும் பொறுமையாக எழுதிக்கொண்டார். பையன் சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். வீடு திரும்பும் ஆட்டோ முனிர்காவைத் தாண்டும்போது மெதுவாகச் சொன்னான், "முன் பெஞ்ச் எனக்கு வேண்டாம்மா." ஏன்டா என்றால், முன்னால் உட்கார்ந்தால் அவன் எழுதுவது பின்னால் இருக்கிற எல்லோருக்கும் தெரியுமாம். மூன்றாவது பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் நண்பன் போர்டில் இருப்பதை முணுமுணுத்துப் படிப்பானாம், அதைக் கேட்டுக் கேட்டு எழுதிவிடுவானாம். அவனாகவே கண்டுபிடித்து வைத்திருந்த வழியை, அவனுக்கு நல்லது செய்கிறேன் என்று நான் போய்க் கெடுத்துவிட்டேன்.

அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடு. எழுதுவதிலும் சிரமம் உண்டு. கீழ்வீட்டுப் பெண்ணுக்குக் காது மெஷின். இந்த இரண்டு பிள்ளைகளோடும் சில வருடங்களாக நாங்கள் செய்து பார்த்ததில் எது வேலைக்கு ஆனதோ அதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். இருப்பது டெல்லி, பள்ளி சி.பி.எஸ்.இ. என்பதால் தேர்வு விஷயங்கள் அதற்குத்தான் பொருந்தும். மற்ற போர்டுக்காரர்கள் அந்தப் பகுதியை மட்டும் தங்கள் விதிகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: பிள்ளையிடம் பெயரைச் சொல்லுங்கள்

நம் வீடுகளில் மருத்துவ ரிப்போர்ட் அப்பாவின் பீரோவில் இருக்கும், டீச்சருக்குத் தெரியும், ஊரில் இருக்கிற பெரியம்மாவுக்குக்கூட ஃபோனில் சொல்லியிருப்போம், சம்பந்தப்பட்ட பிள்ளைக்கு மட்டும் "உனக்குப் படிப்பு கொஞ்சம் மெதுவா வரும்" என்பதோடு நிறுத்தியிருப்போம். பெயர் தெரியாத ஒன்றுக்காக எதையும் கேட்க முடியாது. நாம் சொல்லாவிட்டால் அவர்களே ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். என் மகன் வைத்துக்கொண்டிருந்தது 'மக்கு'.

நான் சொன்னது இப்படி. "நாம கரோல் பாக் போகணும். எல்லாரும் நேர் ரோட்டுல போறாங்க, உன் வண்டி மட்டும் ரிங் ரோட்டைச் சுத்திட்டுப் போகுது. வண்டியில கோளாறு ஒண்ணும் இல்ல, வழிதான் நீளம். அதுக்குப் பேரு டிஸ்லெக்சியா." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நான் லேட்டா கிளம்பலை, லேட்டாதான் போய்ச் சேருவேன்" என்றான். இதைவிட நன்றாக எந்த நிபுணரும் எனக்கு விளக்கியதில்லை.

ஆறேழு வயதில் ஒரு வரி போதும்: "உன் காது மெதுவான சத்தத்தைப் பிடிக்காது, அதுக்காகத்தான் மெஷின்." பத்து வயதுக்குள் பெயரைச் சொல்லிவிடுங்கள். பதின்மூன்று வாக்கில் ரிப்போர்ட்டையே சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம். எதை ஒத்துக்கொள்கிறான், எதை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் பென்சிலால் குறிக்கட்டும். என் மகன் 'கவனம் சிதறுகிறது' என்ற வரிக்குப் பக்கத்தில் 'டெஸ்ட் நடந்த ரூமில் ஏசி சத்தம்' என்று எழுதிவைத்தான்.

வீட்டுப் பெரியவர்களையும் தயார் செய்ய வேண்டியிருக்கும். என் மாமியார் அவன் எதிரிலேயே, "மலை மந்திர்ல வேண்டிட்டிருக்கேன், எல்லாம் சரியாயிடும்" என்பார். வேண்டுதலுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் 'சரியாகணும்' என்று தினமும் கேட்கிற பிள்ளை, தான் சரியில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறது. அதை அவரிடம் சொல்லிப் புரியவைக்க ஒரு தீபாவளியில் இருந்து அடுத்த தீபாவளி வரை ஆனது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "பிள்ளை குழம்புது, வீட்ல தமிழ் பேசறதை நிறுத்துங்க" என்று டெல்லியில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். இரண்டு மொழி பேசுவதால் டிஸ்லெக்சியாவோ பேச்சுத் தாமதமோ வருவதில்லை. கூச்சமா இருக்கு, எரிச்சலா வருது, பயமா இருக்கு என்று உள்ளே நடப்பதைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு முதலில் கிடைத்த சொற்கள் தமிழில்தான் இருக்கின்றன. அவற்றைப் பிடுங்கிவிட்டு "உனக்கு என்ன வேணும்னு சொல்லு" என்றால் எதை வைத்துச் சொல்லும்?

படி 2: ஒரு வாரம் அவர்களே துப்பறியட்டும்

ஒரு சின்ன நோட்டு. ஒரு வாரம். எந்த இடத்தில் கஷ்டமாக இருந்தது, அப்போது என்ன செய்தாய், எது கொஞ்சம் உதவியது, இவ்வளவுதான். எழுத முடியாத பிள்ளை ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னால் நீங்கள் எழுதுங்கள், அல்லது ஃபோனில் பேசிப் பதிவு செய்யட்டும். நீங்கள் கேள்வியைத் தவிர வேறெதுவும் சொல்லக்கூடாது. இது கேட்பதற்குச் சுலபம், எனக்கு மூன்று நாள் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வருவதெல்லாம் நாம் நினைத்தே பார்க்காததாக இருக்கும். கீழ்வீட்டுப் பெண்ணுக்குக் காது கேட்பதில் பிரச்சினை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் நோட்டில் வந்தது வேறு. ஜூலையில் தலைக்கு மேல் இருக்கிற மின்விசிறி, ஜன்னலில் உறுமுகிற கூலர். ஏனென்றால் காது மெஷின் டீச்சரின் குரலோடு அறையின் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. டீச்சர் போர்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டே பேசும்போது உதடு தெரியாது, அந்தப் பகுதி முழுக்கப் போய்விடும். டிசம்பர் குளிரில் காதை மூடிக் குல்லா போட்டால் மெஷின் கீச்சிடும். இதில் ஒன்றைக்கூட அவள் அம்மா பள்ளியில் சொன்னதில்லை, அவருக்கே தெரியாது.

தெரிந்த வீடு ஒன்றில், சக்கர நாற்காலியில் போகும் பையன் பள்ளியில் மதியம் வரை தண்ணீரே குடிப்பதில்லை என்பது இப்படித்தான் வெளியே வந்தது. கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது. ஆயாவைக் கூப்பிடக் கூச்சம். அதனால் தாகத்தை அடக்கிக்கொண்டிருந்தான். பார்வை குறைந்த பிள்ளைகளுக்கு ஜனவரிப் பனிமூட்டத்தில் முதல் இரண்டு பீரியட் போர்டு சுத்தமாகத் தெரியாமல் போகலாம், பதினொரு மணிக்கு மேல் தெரியும், டீச்சரோ "அப்போ தெரிஞ்சுதே, இப்போ என்ன?" என்பார். நாளுக்கு நாள், நேரத்துக்கு நேரம் மாறுகிற கஷ்டத்தைத்தான் பெரியவர்கள் நடிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நோட்டில் நேரத்தையும் குறிக்கச் சொல்வது அதற்காகத்தான்.

வார முடிவில் எல்லாவற்றையும் படித்துவிட்டு அதில் மூன்றை மட்டும் அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு கோரிக்கையோடு போகும் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. மூன்றோடு போனால் குறைந்தது இரண்டு கிடைக்கும்.

படி 3: ஒரு பக்கக் காகிதம்

மருத்துவ ரிப்போர்ட் பன்னிரண்டு பக்கம் இருக்கும், நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பின் டீச்சர் அதைப் படிக்க மாட்டார், படிக்கவில்லை என்று கோபப்படவும் முடியாது. அதனால் ஒரே பக்கம், பிள்ளையின் வார்த்தைகளில், 'நான்' என்று தொடங்குகிற வாக்கியங்களில். என் மகனுடைய காகிதத்தில் இருந்தது ஏறக்குறைய இதுதான்:

"எனக்கு டிஸ்லெக்சியா இருக்கிறது. கேட்டால் நன்றாகப் புரியும், படிக்க நேரம் ஆகும். எனக்குச் சயின்ஸும் மேப்பும் பிடிக்கும். போர்டில் இருப்பதை எழுத எனக்கு மற்றவர்களைவிட நேரம் வேண்டும், முடியாவிட்டால் போட்டோ எடுத்துக்கொள்ள அல்லது நண்பனின் நோட்டை வாங்கிக்கொள்ள அனுமதி வேண்டும். திடீரென்று எழுந்து சத்தமாகப் படிக்கச் சொல்லாதீர்கள், முதல் நாளே சொன்னால் வீட்டில் தயார் செய்துகொண்டு வந்து படிக்கிறேன். விடை தெரியுமா என்று பார்க்க வேண்டுமானால் வாயால் கேளுங்கள். அவசரம் என்றால் அம்மாவுக்கு ஃபோன் செய்யுங்கள்."

பிடித்ததைப் பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். குறையை மட்டும் எழுதிக் கொடுத்தால் டீச்சரின் மனதில் அதுதான் நிற்கும். சத்தமாகப் படிப்பது பற்றிய வேண்டுகோளைப் பாருங்கள், 'செய்யாதீர்கள்' என்பதோடு நிற்காமல் மாற்று வழியும் அதிலேயே இருக்கிறது. டீச்சர்கள் ஒத்துக்கொள்வது அதனால்தான்.

ஆங்கிலத்தில் ஒரு பிரதி, தேவைப்பட்டால் இந்தியில் ஒன்று. கிளாஸ் டீச்சர், ஸ்பெஷல் எஜுகேட்டர், பி.டி. சார் வரை எல்லோருக்கும் கொடுங்கள், ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும், டீச்சர் லீவு போட்டு வேறு யாராவது வகுப்புக்கு வரும் நாளில்தான் அது உயிரைக் காப்பாற்றும். டெல்லியில் ஏப்ரலில் புது வகுப்பு தொடங்குகிறது, முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். அப்புறம் கோடை விடுமுறை முடிந்து ஜூலையில் திறந்ததும் மறுபடி ஒருமுறை. அந்த ஒன்றரை மாத லீவில் எல்லோருமே மறந்திருப்பார்கள்.

படி 4: வாக்கியம் வாயில் ஏற வேண்டும்

காகிதம் தயார், பிள்ளைக்கும் எல்லாம் தெரியும், ஆனாலும் டீச்சர் முன்னால் போய் நின்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஏனென்றால் பத்து வருடமாக நாம்தானே சொல்லி வளர்த்திருக்கிறோம், பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே, டீச்சர் சொன்னா கேட்டுக்கோ என்று. எனவே முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது. "அந்த சார் வேகமா பேசறாரு, புரியவே மாட்டேங்குது" என்பது புகார். "சார், அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை சொல்ல முடியுமா?" என்பது கேள்வி. இந்த இரண்டையும் வீட்டில் பத்துப் பதினைந்து உதாரணம் வைத்து விளையாட்டாக மாற்றிப் பழகினோம். என் பெரிய பெண்ணுக்குத்தான் இதில் ரொம்பக் குஷி, எரிந்து விழுகிற டீச்சராக நடிக்க அவளைவிட்டால் ஆள் இல்லை.

வாக்கியத்தின் அமைப்பு சின்னது. என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று ஐந்தாறு சொல், அவ்வளவுதான். 'சாரி' என்று தொடங்கக்கூடாது என்பதை மட்டும் கறாராக வைத்திருந்தேன். "சாரி மேம், ஐ யாம் ஸ்லோ" என்றுதான் அவன் முதலில் ஆரம்பிப்பான். கூடுதல் நேரம் கேட்பதற்கு எதற்கு மன்னிப்பு?

டெல்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. யோசிப்பது தமிழில், பாட டீச்சரிடம் கேட்பது ஆங்கிலத்தில், ஆயா தீதியிடமும் வேன் பையாவிடமும் கேட்பது இந்தியில். அதனால் ஒவ்வொரு தேவைக்கும் மூன்று மொழியிலும் ஒவ்வொரு வாக்கியம் மனப்பாடமாக இருக்க வேண்டும், பதற்றத்தில் மொழிபெயர்க்க முடியாது. கீழ்வீட்டுப் பெண்ணின் வாக்கியம், "மேம், மேரி தரஃப் தேக்கர் போலியே, முஜே டீக் சே சுனாயி நஹீ தேதா" (என் பக்கம் பார்த்துப் பேசுங்க, எனக்குச் சரியாக் கேட்காது). என் மகனுடையது, "மேம், போர்ட் மத் மிடாயியே ப்ளீஸ், தோ மினட் ஔர் சாஹியே" (போர்டை அழிக்காதீங்க, இன்னும் ரெண்டு நிமிஷம் வேணும்). மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் இரண்டும் கத்திக்கொண்டிருக்கும்.

பள்ளிக்கு முன்னால் வெளியே பழக்குங்கள். நாங்கள் தேர்ந்தெடுத்தது ஓட்டல். மெனுவை நானோ அவன் அப்பாவோ படித்துச் சொல்ல மாட்டோம், அவனே சர்வரிடம், "அண்ணா, எனக்குப் படிக்க நேரமாகும், தோசை வகை மட்டும் என்னென்ன இருக்குன்னு சொல்றீங்களா?" என்று கேட்க வேண்டும். முதல் தடவை கேட்காமல், தெரிந்த சாதா தோசையையே சொல்லிவிட்டான். இரண்டாவது தடவையும் சாதா தோசை. மூன்றாவது தடவை கேட்டான், அந்த சர்வர் பதினோரு வகையையும் அடுக்கினார். மெட்ரோ கவுன்டர், நூலகம், மருந்துக்கடை எல்லாமே இதற்கு நல்ல இடங்கள்தான். அங்கே தோற்றால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மறுப்பு வந்தால் சொல்ல வேண்டிய இரண்டாவது வாக்கியமும் கையில் இருக்க வேண்டும். "சரி மேம், கிளாஸ் முடிஞ்சதும் வந்து கேட்கலாமா?" இது இல்லாமல் அனுப்பினால் முதல் 'நோ'விலேயே திரும்பி வந்துவிடுவார்கள், அப்புறம் ஆறு மாதம் கேட்க மாட்டார்கள்.

வாய் பேசாத பிள்ளைகள், பேச்சு தெளிவாக வராத பிள்ளைகள் விஷயத்தில் இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். படம் ஒட்டிய அட்டை, மேசை மேல் வைக்கும் சிவப்பு, பச்சைக் கார்டு, டேப்லெட்டில் தொட்டால் பேசும் ஆப், சைகை மொழி, எது கைவசப்படுகிறதோ அது. ஆட்டிசம் உள்ள பிள்ளை 'பிரேக்' என்ற கார்டை எடுத்து நீட்டுவதும் தனக்காகப் பேசுவதுதான். ஆனால் ஒரு நிபந்தனை, கார்டு நீட்டப்பட்டால் அந்த பிரேக் கிடைத்தே ஆக வேண்டும் என்று டீச்சரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். நீட்டியும் இரண்டு தடவை கிடைக்காவிட்டால் பிள்ளை மூன்றாவது தடவை கார்டைத் தூக்கி எறியும். அதில் தப்பும் இல்லை.

படி 5: மீட்டிங்கில் உங்கள் நாற்காலியைப் பின்னால் இழுங்கள்

நிஜமாகவே இழுங்கள். பிள்ளை முன்னால், நீங்கள் ஓரடி பின்னால். இல்லாவிட்டால் டீச்சரின் கண் தானாக உங்களிடம் வந்துவிடும். முதல் ஐந்து நிமிடம் பிள்ளையுடையது என்று முன்பே சொல்லிவிடுங்கள். காகிதத்தைப் பார்த்துப் படிக்கலாம், வீட்டில் பதிவு செய்த ஆடியோவைப் போட்டுக் காட்டலாம். நடுவில் அமைதி வரும். அந்த அமைதியை நிரப்பத்தான் நமக்குக் கை பரபரக்கும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். என் அனுபவத்தில் ஏழில் பேசிவிடுவான்.

டீச்சர் உங்களைப் பார்த்து, "இவன் ஹோம்வொர்க் செய்யறானா?" என்று கேட்டால், "நீயே சொல்லுடா" என்று திருப்பிவிடுங்கள். முதல் தடவை எல்லோருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும்.

படி 6: சட்டத்தில் கொஞ்சம்

பிள்ளைக்கு முழுச் சட்டமும் தெரிய வேண்டியதில்லை, தான் கேட்பது சலுகைப் பிச்சை இல்லை என்பது தெரிந்தால் போதும், குரலே மாறிவிடும். உங்களுக்குக் கொஞ்சம் கூடத் தெரிய வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் அடக்கம். பிரிவு 16 அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்தும், ஆகவே "நாங்க பிரைவேட் ஸ்கூல்" என்ற பதில் செல்லாது. பாகுபாடு இல்லாமல் சேர்ப்பது, கட்டடமும் வசதிகளும் எல்லோரும் புழங்கும்படி இருப்பது, அந்தந்தப் பிள்ளைக்கு ஏற்ற மாற்று ஏற்பாடு செய்வது எல்லாம் அதில் இருக்கிறது. அளவுக்கு மீறிய சுமை இல்லாத ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடுதான் என்று சட்டத்தின் விளக்கப் பகுதியே சொல்கிறது. வகுப்பை இரண்டாம் மாடியில் இருந்து தரைத்தளத்துக்கு மாற்றுவது யாருக்கும் அப்படியொரு சுமை ஆகாது. பிரிவு 17 கூடுதல் தேர்வு நேரம், சொல்வதை எழுத ஸ்கிரைப், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பிரிவு 4. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் தங்களைப் பாதிக்கிற எல்லா விஷயங்களிலும் தங்கள் கருத்தைத் தடையின்றிச் சொல்ல உரிமை உண்டு, அதற்கு வயதுக்கும் குறைபாட்டுக்கும் ஏற்ற உதவியை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. யாரும் இதைப் பள்ளியில் மேற்கோள் காட்டி நான் பார்த்ததில்லை. நீங்கள் காட்டுங்கள்.

"நாற்பது சதவீதம் இல்லையே, அப்புறம் எப்படி?" என்று ஒரு பதில் அடிக்கடி வரும். குறைபாட்டின் அளவு நாற்பது சதவீதம் இருக்க வேண்டும் என்பது இடஒதுக்கீடு போன்றவற்றுக்கான அளவுகோல். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் 'ரைட்டர்ஸ் கிராம்ப்' உள்ள விகாஸ் குமார் யு.பி.எஸ்.சி.க்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தெளிவாக்கியது, ஸ்கிரைப் கேட்க நாற்பது சதவீதம் தேவையில்லை என்று. 2022 ஆகஸ்டில் மத்திய அரசும் நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது.

படி 7: தேர்வு

காகிதங்களைச் சேர்ப்பது மட்டும் உங்கள் வேலை. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.க்கு அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் பரிசோதனை. கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்கு மேல்தான் சான்றிதழ், அப்புறம் 14 வயதிலும் 18 வயதிலும் மறுபரிசோதனை என்று 2018 வழிகாட்டுதல் சொன்னது. பரிசோதிப்பவரிடம் வீட்டு மொழி தமிழ், இந்தி எழுதப் படிக்கத் தொடங்கியது எந்த வகுப்பில் என்பதைச் சொல்லிவிடுங்கள், மொழி தெரியாததும் படிக்க முடியாததும் வேறு வேறு.

சி.பி.எஸ்.இ.யில் ஒரு மணி நேரத்துக்கு இருபது நிமிடம் கூடுதல். மூன்று மணித் தேர்வு என்றால் ஒரு மணி நேரம். ஸ்கிரைப், கேள்வித்தாளை வாசித்துச் சொல்பவர், சான்றிதழில் பரிந்துரை இருந்தால் கம்ப்யூட்டர் என்று தேவைக்கேற்பக் கேட்கலாம். பத்தாம் வகுப்பில் இரண்டு மொழிக்குப் பதில் ஒன்று போதும், மூன்றாம் மொழிக்கும் விலக்கு உண்டு. எந்த மொழியை விடுவது என்பதை மட்டும் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் படிப்பவர்களுக்குத் தமிழே ஒரு பாடமாக இருக்கும், அதை விடுவதா வைப்பதா என்பதில் பெற்றோரின் பெருமை புகுந்துவிடும். அந்தப் பெருமைக்குப் பரீட்சை எழுதப்போவது பிள்ளை.

இந்தச் சலுகைகள் பள்ளி வழியாகத்தான் போகும். ஒன்பதாம் வகுப்புப் பதிவிலும் பத்தாம் வகுப்பு எல்.ஓ.சி.யிலும் (போர்டு தேர்வு எழுதுவோர் பட்டியல்) குறைபாட்டு வகை சரியாக ஏறியிருக்கிறதா என்று பள்ளி அலுவலகத்தில் போய்ப் பார்க்கும் வேலையை மகனிடமே கொடுத்தேன். "அங்கிள், என் பேருக்கு நேரா என்ன போட்டிருக்கீங்கன்னு காட்டுறீங்களா?" கிளார்க் அசந்துவிட்டார்.

ஸ்கிரைப் வைத்து எழுதுவது தனி வித்தை, அதைப் பலர் கடைசி மாதத்தில்தான் நினைக்கிறார்கள். "ரூட் எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஒன்" என்று பிள்ளை சொன்னால் அந்த பிளஸ் ஒன் ரூட்டுக்கு உள்ளேயா வெளியேயா? எழுதுபவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவராக முடிவு செய்யக்கூடாது. எங்கே புது வரி, எங்கே அடிக்கோடு, படத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம் எல்லாவற்றையும் சொல்லிப் பழக வேண்டும். பழகாத ஸ்கிரைப்போடு உட்கார்ந்தால் கூடுதலாகக் கிடைத்த ஒரு மணி நேரமும் விளக்கிச் சொல்வதிலேயே போய்விடும். எட்டாம் வகுப்பு யூனிட் டெஸ்ட்டிலேயே ஆரம்பியுங்கள். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாக ஸ்கிரைப்பைச் சந்தித்துப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது, அந்தச் சந்திப்பைக் கேட்டு வாங்குங்கள். "கொஞ்சம் பெரிசா எழுதுங்க, நான் சொன்னதைத் திருப்பிப் படிச்சுக் காட்டுங்க" என்று சொல்லிப் பார்க்கட்டும். நாலு மணி நேரம் தொடர்ந்து உட்காருவதையும் வீட்டில் இரண்டு மூன்று தடவை ஒத்திகை பார்த்துவிடுங்கள், பசி வந்துவிடும்.

தேர்வு அறையில் நாம் இருக்கப்போவதில்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். 2021 நீட் தேர்வில் அவ்னி பிரகாஷ் என்ற மாணவிக்கு, எழுதுவதைக் கடினமாக்கும் டிஸ்கிராஃபியா இருந்தும், சேர வேண்டிய கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தராமல் மையத்தில் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, தவறு மையத்தின் பக்கம் என்றுதான் தீர்ப்பு, ஆனால் மறுதேர்வு கிடைக்கவில்லை. எனவே அறைக்குள் சொல்ல வேண்டிய வாக்கியமும் தயாராக இருக்க வேண்டும்: "சார், எனக்குக் கூடுதல் நேரம் அனுமதி இருக்கு, இதோ லெட்டர், சூப்பரின்டென்டன்டைக் கூப்பிடுங்க." லெட்டரின் பிரதி ஹால் டிக்கெட்டோடு பின் செய்யப்பட்டிருக்கட்டும்.

படி 8: 'முடியாது' என்றால்

வாயால் பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். "இன்று பேசியபடி, போர்டை போட்டோ எடுக்க அனுமதி கேட்டோம், யோசித்துச் சொல்வதாகச் சொன்னீர்கள்" என்று, சண்டை இல்லாத தொனியில். கீழே பிள்ளையின் பெயரும் இருக்கட்டும், சிறிய பிள்ளை என்றால் ஒரு வரி அதன் கையெழுத்திலேயே. கிளாஸ் டீச்சர், ஸ்பெஷல் எஜுகேட்டர், பிரின்சிபால் என்ற வரிசையை மீறாதீர்கள். நேராக மேலே போனால் டீச்சரின் கோபம் மறுநாள் வகுப்பில் பிள்ளைமேல்தான் இறங்கும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் டெல்லி அரசின் கல்வி இயக்குநரகம், அதற்கும் மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சாட்சியை வரவழைக்க, ஆவணம் கேட்க ஆணையருக்கு சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் இருக்கிறது. சட்டத்தை மீறினால் முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்பதும் சட்டத்திலேயே உண்டு. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது, தேதிவாரியாக மின்னஞ்சல் கோப்பு இருக்கிறது என்று தெரிந்தாலே பேச்சு இளகும்.

சில பள்ளிகள் வேறு மாதிரி மறுப்பார்கள், இனிமையாக. "ஓபன் ஸ்கூலிங்ல போட்டுடுங்களேன், பிள்ளைக்கு டென்ஷன் இருக்காது." தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். நல்ல வழிதான், அதில் நன்றாக வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் அது பிள்ளை விரும்பி எடுக்கிற முடிவாக இருக்க வேண்டும், போர்டு ரிசல்ட் சதவீதத்துக்காகத் தள்ளிவிடுவதாக இருக்கக்கூடாது. அந்தப் பேச்சு வந்தால் அறையில் பிள்ளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேச்சை அடுத்த நாளுக்குத் தள்ளிப்போட்டு அழைத்துக்கொண்டு போங்கள்.

கேட்கவே பிடிக்காத நாட்களும் வரும். எட்டாம் வகுப்பில் என் மகன் ஒரு மாதம் காகிதத்தைப் பையில் இருந்தே எடுக்கவில்லை, புதிதாக வந்த பையன்களுக்குத் தெரிய வேண்டாமாம். நான் டீச்சருக்கு ஃபோன் செய்யப் போனேன், அவன் அப்பா ஃபோனை வாங்கி வைத்துவிட்டார். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதும் அவன் முடிவுதானே என்றார். யூனிட் டெஸ்ட்டில் மார்க் குறைந்தது. அடுத்த மாதம் அவனே எடுத்துக் கொடுத்தான்.

ஒவ்வொரு மார்ச்சிலும் காகிதத்தைப் புதுப்பிக்கிறோம், பேனா அவன் கையில். இந்தத் தடவை மேப் பிடிக்கும் என்பதை அடித்துவிட்டு கம்ப்யூட்டர் என்று போட்டான். சத்தமாகப் படிக்கச் சொல்லாதீர்கள் என்ற வரியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அப்படியே விட்டான். கடைசியில் அம்மாவுக்கு ஃபோன் செய்யுங்கள் என்று இருந்த இடத்தில் என் நம்பரை அடித்துவிட்டு, "முதலில் என்னைக் கேளுங்கள்" என்று எழுதினான். எழுத்துப்பிழை ஒன்று இருந்தது, நான் திருத்தவில்லை.